முதல் நீர்மூழ்கி மாலுமிகளின் வாழ்வும் அவர்கள் சொன்ன கதைகளும்: எவை நம்பத்தக்கவை?

நொய்யல்கரையான் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கடித்து விடிய விடியப் பாடக் கேட்டு வளர்ந்தவன் நான். சென்ற மாதம் விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்ப் பார்த்தேன். சில இடங்களில் தோளை ஒருக்களித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. 1969இல் கடற்படையில் சேர்ந்த கலமே இப்படியென்றால், அதற்கு அறுபது, நூறு ஆண்டுகளுக்கு முன் இன்னும் சிறிய கலங்களில் அடைபட்டுக் கிடந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? வாய்மொழியாகத் தங்களுக்குள் வழங்கிய கதைகள் அவர்களிடம் இருந்தனவா, அவற்றில் எவற்றை நம்பலாம்?

பவானிக்கூடல்:
கதைக்கு முன்னால் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1, 1901இல் நீரில் இறக்கப்பட்டது. ஏறக்குறைய 19 மீட்டர் நீளம், எட்டுப் பேர், பெட்ரோல் எஞ்சின். அந்தக் காலக் கலங்களில் எஞ்சின் புகையின் நஞ்சை அறிய வெள்ளைச் சுண்டெலிகளை உடன் கொண்டு போனார்கள். எலி துவண்டு விழுந்தால் ஆபத்து என்று பொருள். நம் பக்கம் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

பிற்காலத்திலும் நெருக்கடி பெரிதாகக் குறையவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ஏழாம் வகை நீர்மூழ்கியில் 67 மீட்டர் நீளத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தனர். ஒருவர் காவலுக்கு எழுந்து போன படுக்கையில் சூடு ஆறுமுன் அடுத்தவர் வந்து படுப்பார். இருந்த இரண்டு கழிவறைகளில் ஒன்றில், பயணம் தொடங்கும்போது உணவுப் பொருள்களை அடைத்து வைத்துவிடுவார்கள்.

மேட்டாங்காட்டான்:
பவானிக்கூடல் அண்ணன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். கிணற்றில் விளக்கு அணைவது ஆக்சிஜன் குறைவைத்தான் காட்டும். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு விளக்கை அணைக்காது. அதற்கு மணமும் நிறமும் கிடையாது. அதனால்தான் மனிதனுக்கு முன்னால் மயங்கி விழக்கூடிய ஓர் உயிர் அங்கே தேவைப்பட்டது.

கொடுமணல்வாசி:
ஐயா கேட்ட கதைகளுக்கு வருகிறேன். மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, பேய்க்கதை. முதல் உலகப் போரில் யூபி 65 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியில் டார்பிடோ வெடித்து ஓர் அதிகாரி இறந்தார் என்றும், பிறகு அவர் கப்பலின் முன்தளத்தில் கைகட்டி நிற்பதைப் பலர் கண்டார்கள் என்றும் சொல்வார்கள். அந்தக் கலம் 1918 ஜூலையில் எல்லோருடனும் மூழ்கியது. கதையோ போர் முடிந்த பிறகுதான் பரவியது. பார்த்தவர் எவரும் மிஞ்சாத நிலையில் பெருத்த கதை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இரண்டாவது, துணியில் எழுதிய கதை. நீர்மூழ்கி மாலுமிகளைக் கடற்கொள்ளையராகக் கருதித் தூக்கிலிட வேண்டும் என்று ஆர்தர் வில்சன் என்ற அட்மிரல் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கியது. 1914 செப்டம்பரில் மாக்ஸ் ஹார்ட்டனின் இ9 கலம், ஹேலா என்ற ஜெர்மன் கப்பலை மூழ்கடித்துத் திரும்பியபோது, அந்தப் பேச்சுக்குப் பதிலாகக் கொள்ளையரின் மண்டையோட்டுக் கொடியையே ஏற்றிக்கொண்டு துறைமுகம் புகுந்தது. பின்னாளில் மூழ்கடித்த கப்பலுக்கு ஒரு பட்டை, இரகசியப் பணிக்கு ஒரு குத்துவாள் என்று அந்தக் கொடியில் தைத்துச் சேர்த்தார்கள். நம் ஊர்ப் புலிக்குத்திக் கல்லில் வீரனையும் புலியையும் பார்த்தே நடந்ததை அறிந்துகொள்வது போல, கொடியைப் பார்த்தே அந்தக் கலத்தின் கதையைச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், கையால் சுழற்றும் தண்டினால் ஓடிய ஹன்லி என்ற நீர்மூழ்கி, 1864 பிப்ரவரி 17 அன்று ஹௌசடானிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்துத் தானும் எட்டுப் பேருடன் மறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒத்திகைகளிலேயே அது இரண்டு முறை மூழ்கிப் பதின்மூன்று பேரைப் பலி வாங்கியிருந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் டிக்சனுக்குக் காதலி ஒரு தங்க நாணயம் தந்தாள், அதே உள்நாட்டுப் போரில் ஷைலோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் குண்டு அந்த நாணயத்தில் பட்டதால் அவர் பிழைத்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2000இல் கலத்தை மேலே தூக்கி, உள்ளே படிந்திருந்த சேற்றை அகற்றிக்கொண்டு வந்தபோது, 2001இல் டிக்சனின் எச்சங்களுக்கு அருகே வளைந்து போன 20 டாலர் தங்க நாணயம் கிடைத்தது. அதன் ஒரு பக்கத்தைத் தேய்த்து ஷைலோ, 1862 ஏப்ரல் 6, என் உயிர் காத்தது என்ற பொருளில் பொறித்து, கீழே அவர் பெயரின் முதலெழுத்துகளையும் வெட்டியிருந்தார்கள்.

நொய்யல்கரையான்:
மிக்க நன்றிங்க. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கதையை நம்பவைப்பதற்காக நாணயத்தில் அவரே அப்படிப் பொறித்து வைத்திருக்கலாம் அல்லவா?

கொடுமணல்வாசி:
நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய இடது தொடை எலும்பில் ஆறிப்போன குண்டுக் காயத்தின் தடம் இருந்தது. அதில் ஈயத்தின் துகளும் தங்கத்தின் துகளும் ஒட்டியிருந்தன. காதலி தந்தாள் என்ற பகுதிக்கு மட்டும் எலும்பும் சாட்சி சொல்லவில்லை, நாணயமும் சொல்லவில்லை.