ஜெரேனியத்தைத் தூர் பிரித்து நடுவது எப்போது, எப்படி?

கேள்வி (ஹாரோ, லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடிவந்த வீட்டின் பின்தோட்டத்தில், பனியைத் தாங்கி ஆண்டுதோறும் துளிர்க்கும் ஜெரேனியங்கள் மூன்று வகை இருக்கின்றன. முன்பு இருந்தவர்கள் விட்டுச்சென்ற பெயர்ச்சீட்டுகளின்படி அவை ‘ஜான்சன்ஸ் புளூ’, ‘மேக்ரோரைசம்’, ‘ரோசான்’. ஜான்சன்ஸ் புளூவின் தூர் இரண்டடி அகலத்துக்குப் பரவி, நடுப்பகுதி மொட்டையாகி, விளிம்பில் மட்டுமே பூக்கிறது. வேலியோரம் முழுவதும் இவற்றை நட விரும்புகிறேன். ஆனால் சென்ற மார்ச்சில் ரோசான் ஒன்றை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து நட்டபோது இரு பாதியும் பிழைக்கவில்லை. எங்கள் மண் கெட்டியான களிமண். இப்போது செப்டம்பர் தொடங்கிவிட்டது; மற்ற இரண்டையும் உடனே பிரிக்கலாமா, என் முறையில் எங்கே தவறு நேர்ந்தது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

வணக்கம் சகோதரி. வெட்டுவதற்கு முன் வேரைப் பார்க்க வேண்டும் என்பதே இதில் முதன்மையானது. ஜான்சன்ஸ் புளூ பல குருத்துகள் சேர்ந்து வளர்ந்த தூர். ஒவ்வொரு குருத்துக்கும் தனி வேர் இருப்பதால், கல்வாழையைப் பிரிப்பதுபோலத் தயக்கமின்றிப் பிரிக்கலாம். அது விதை தராத கலப்பினம் என்பதால் பெருக்குவதற்குப் பிரிப்பதே சிறந்த வழி. செடியைச் சுற்றி ஓரடி தள்ளிக் குத்தித் தூரை முழுதாகத் தூக்குங்கள். முள்கரண்டி வடிவிலான தோண்டுகருவிகள் இரண்டை முதுகோடு முதுகாகத் தூரின் நடுவே இறக்கி, பிடிகளை எதிரெதிரே தள்ளினால், வேர் அறுபடாமல் கட்டு தானாக நெகிழும். மரம்போல் முற்றிய நடுப்பகுதியை எறிந்துவிட்டு, மூன்று நான்கு குருத்துகளும் நல்ல வேரும் உள்ள விளிம்புத் துண்டுகளை மட்டும் முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டு, பழைய இலைகளை வெட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். இலைகளை விட்டுவைத்தால், புதுவேர் பிடிக்கும் முன்பே அவை செடியின் ஈரத்தை வெளியேற்றிவிடும்.

மேக்ரோரைசத்துக்கு இவ்வளவு உழைப்பும் தேவையில்லை. அதன் தடித்த தண்டுகள் இஞ்சிபோல் மண்ணின் மேலேயே படர்கின்றன. ஒரு துண்டை ஒடித்துப் பாதி புதையுமாறு நட்டாலே வேர்விடும்.

ரோசானின் கதை வேறு. அதன் கிளைகள் எவ்வளவு தூரம் படர்ந்தாலும் கணுக்களில் வேர்விடுவதில்லை. அனைத்தும் ஒரே அடித்தூரிலிருந்து வருபவை. கண்ணால் பாராமல் பிளந்தால், ஒரு பாதியில் குருத்து இருந்தும் போதிய வேர் இல்லாமல் போகும், மறு பாதியில் வேர் இருந்தும் குருத்து இராது. வசந்தத்தில் இளங்குருத்துகளை அடித்தூரின் சிறு பகுதியோடு சீவியெடுத்துத் தொட்டியில் வேர்பிடிக்க வைப்பதே எனக்குப் பலன் தந்த முறை.

பதில் 2

காலத்தைப் பற்றி மட்டும் சற்று மாறுபடுகிறேன். மணற்பாங்கான மண்ணில் செப்டம்பர் மிக நல்ல மாதம். மண்ணில் இன்னும் சூடு இருக்கும், மழையும் வரும். ஆனால் உங்களைப் போன்ற களிமண்ணில் சிறு துண்டுகள் குளிர்காலம் முழுவதும் நீர் தேங்கி அழுகுவதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். மேக்ரோரைசத்தை இப்போதே நடுங்கள். ஜான்சன்ஸ் புளூவைப் பெரிய துண்டுகளாக இப்போது பிரிக்கலாம், சிறு துண்டுகளானால் மார்ச் இறுதிவரை பொறுப்பது நல்லது. தூரைத் தூக்கும்போது, பழுப்புத் தலையும் வளைந்த வெண்ணிற உடலும் கொண்ட வண்டுப்புழுக்கள் வேரில் இருக்கின்றனவா என்று தவறாமல் பாருங்கள். அவை இருந்தால் வேரிலுள்ள மண்ணை முழுதும் கழுவிய பிறகே நட வேண்டும்.

பதில் 3

ஊட்டியில் அம்மா தொட்டியில் வளர்க்கும் சிவப்பு ஜெரேனியத்தையும் இப்படிப் பிரிக்கலாமா?

பதில் 1 எழுதியவர்

அது பெலார்கோனியம் என்ற வேறு செடி. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையும் ஜெரேனியத்தையும் ஒரே பேரினத்தில் வைத்ததாலும், 1789-இல் பிரித்த பின்னரும் பழைய பெயர் மக்களிடம் நிலைத்துவிட்டதாலும் வந்த குழப்பம் இது. அதற்குப் பிரிக்கத் தூர் இல்லை. நான்கு அங்குலத் தண்டை வெட்டி நடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று ஒரு ஜான்சன்ஸ் புளூவைத் தூக்கிப் பார்த்தேன், புழு இல்லை. ஐந்து பெரிய துண்டுகள் கிடைத்தன, வேலியோரம் நட்டிருக்கிறேன். மீதியை மார்ச்சில் பிரிப்பேன்.