147573952589676412927 பகா எண்ணா?

கேள்வி: 2-இன் 67-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் இது வருகிறது. ஆயிரம் வரை வகுத்துப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. 67 பகா எண்தானே, அப்போ இதுவும் பகா எண்தானா?

பதில் 1: இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தாக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது; 11-ஆவது அடுக்கிலேயே 2047 = 23 × 89 என்று உடைந்துவிடுகிறது. கணிதவியலர் மெர்சென் 1644-இல் உங்கள் எண்ணைப் பகா எண் என்றே எழுதிவைத்தார், 1876-இல் இன்னொரு கணிதவியலர் லூக்காஸ் அது பகு எண் என்று நிரூபித்தார், ஆனால் காரணியைக் காட்டவில்லை.

பதில் 2: காரணியைக் காட்டியவர் கணிதவியலர் கோல், 1903-இல்: 193707721 × 761838257287. ஆயிரத்தோடு நின்றால் எங்கே கிடைக்கும்! சும்மா எல்லாவற்றாலும் வகுக்காதீர்கள், இதன் காரணி எதுவும் 134-ஆல் (67-இன் இரு மடங்கு) வகுத்தால் மீதி 1 தரும். முதல் காரணியில் 1 கழித்து, 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 1445580.

கேட்டவர்: சரி, காரணியே தெரியாமல் பகு எண் என்று லூக்காஸ் எப்படிச் சொன்னார்?

பதில் 1: அவர் வழியைக் கணிதவியலர் லேமர் பிறகு எளிதாக்கினார். 4-இல் தொடங்கி, வர்க்கத்தில் 2 கழித்து, நம் எண்ணால் வகுத்த மீதியை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 127-க்கு (7-ஆவது அடுக்கு) ஐந்து சுற்று: 14, 67, 42, 111, 0. கடைசிச் சுற்றில் பூச்சியம் வந்தால் பகா எண். உங்களுடையதற்கு 65 சுற்று, முடிவில் பூச்சியம் வராது.