புதுப்பிப்பு: தோரென்ஸ் டிடி 160-க்குப் புது டோன்ஆர்ம் போட்டாச்சு

என் தோரென்ஸ் டிடி 160 ரெக்கார்ட் பிளேயரில் பழைய டோன்ஆர்மின் (முள்ளைத் தாங்கிச் சுழலும் கை) பேரிங் ஆட்டம் கண்டுவிட்டது, மாற்றாக எதைப் போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் ரேகா ஆர்பி 250-ஐப் போட்டுவிட்டேன். செகண்ட்ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தது. என் ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கும் (கையின் நுனியில் முள்ளோடு இருக்கும் பாகம்) நன்றாகப் பொருந்துகிறது.

டோன்ஆர்மைப் பொருத்தும் பழைய பலகையின் ஓட்டை இதற்கு ஒத்துவராது. தச்சரிடம் பிளைவுட்டில் புதிதாக ஒன்று அறுத்து வாங்கினேன். ரெக்கார்டு சுழலும் தட்டின் நடு அச்சிலிருந்து டோன்ஆர்ம் சுழலும் மையம் வரை 222 மி.மீ. இருக்க வேண்டும். முதல் பலகையில் 3 மி.மீ. தள்ளிப்போனது. கார்ட்ரிட்ஜை நகர்த்திச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. வேறு பலகை அறுத்தோம்.

அதிக நேரம் பிடித்தது ஸ்பிரிங் வேலைதான். இந்த மாடலில் தட்டும் டோன்ஆர்மும் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கின்றன. எடை மாறியதும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நட்டுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறமும், லேசாக அழுத்திவிட்டால் நேராக மேலும் கீழும் ஆடாமல் பக்கவாட்டில் அலைந்தது. காரணம் கேபிள்! விறைப்பான வயர் மிதக்கும் பாகத்தை இழுத்துப் பிடித்திருந்தது. தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டியதும் சரியாகிவிட்டது.

முள் அழுத்தம் 1.8 கிராம், டோன்ஆர்மின் உயரத்தைச் சரிசெய்ய 2 மி.மீ. ஸ்பேசர் (இடைத்துண்டு).

முன்பு ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் கிழிந்து கேட்கும். நேற்று இரவு அதே பாட்டு சுத்தமாக வந்தது. இரண்டு முறை போட்டுக் கேட்டேன்.