மறு: ஓவர்ஸ்டேபிள் வட்டுக்குச் சொல் – ‘மிகைநிலை’ வேண்டாம், ‘கடைச்சாய்’ ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இன்று காலைதான் ஒருசேரப் படிக்க முடிந்தது. தனித்தனியாகப் பதில் எழுதினால் பேச்சு சிதறிவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. டிஸ்க் கோல்ஃபில் பந்தும் மட்டையும் இல்லை. கையால் வட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் வென்றவர். 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் வடிவம் கொடுத்த ஆட்டம் இது. நான் இருக்கும் பின்லாந்தில் ஊருக்கு ஊர் திடல் உண்டு, பெரும்பாலானவற்றில் காசு இல்லாமல் ஆடலாம். எஸ்போவுக்கு வந்த பிறகு நானும் பழகினேன். குட்டையான, வளைந்து போய் விழும் ஃபோர்ஹாண்ட் வீச்சுக்கு (உள்ளங்கை முன்னால் போக வீசுவது) எந்த வட்டை எடுப்பது என்று தமிழில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே ‘ஓவர்ஸ்டேபிள்’ வட்டுக்கு, அதாவது பறந்து முடியும்போது ஒரு பக்கம் சாய்ந்து ஒதுங்கும் வட்டுக்கு, தமிழ்ச்சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். இந்த இழை அப்படித் தொடங்கியதுதான்.

> ஃபோர்ஹாண்ட் என்பதை ‘முன்கை வீச்சு’ என்றே வைக்கலாமே. டென்னிஸ் செய்திகளில் அப்படிப் பார்த்த நினைவு.

ஐயா, முன்கை என்றால் நமக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. வீசக் கற்றுக்கொடுக்கும்போது அந்த உறுப்பையே பலமுறை சொல்ல வேண்டி வரும். ‘முன்கை வீச்சில் முன்கையைச் சுழற்றாதே’ என்றால் கேட்பவருக்கு என்ன புரியும்?

பின்னிஷ்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். பேக்ஹாண்டுக்கு ‘ருஸ்து’ என்கிறார்கள், விரல்முட்டி என்று பொருள். ஃபோர்ஹாண்டுக்கு ‘கேம்மென்’, அதாவது உள்ளங்கை. வீசும்போது கையின் எந்தப் பக்கம் முன்னால் போகிறதோ அதுவே பெயர். நம்மிடம் இதைவிடப் பொருத்தமான இணை தயாராகவே இருக்கிறது: புறங்கை, அகங்கை. தேன் எடுத்தவன் நக்குகிற புறங்கை எல்லோருக்கும் தெரியும். அகங்கை அகராதியில் உள்ள சொல், ஒருமுறை கேட்டாலே விளங்கிவிடும். ஆகவே புறங்கை வீச்சு, அகங்கை வீச்சு. இதில் யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

‘வளரி’ என்று எழுதிய நண்பருக்கு: சொல் அழகுதான், சிவகங்கைச் சீமையின் நினைவும் கூடவே வருகிறது. ஆனால் வளரி வளைந்த கட்டை, இது வட்டமான நெகிழித் தட்டு. வட்டெறிதல், குறுவட்டு என்று பழகிய ‘வட்டு’ இருக்கும்போது அதுவே போதும்.

சரி, இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். ஓவர்ஸ்டேபிளுக்கு இணையாக அண்டர்ஸ்டேபிள் என்று ஒன்றும் உண்டு: புறப்பட்ட வேகத்தில் எதிர்ப்பக்கம் சாயும் வட்டு. இரண்டுக்கும் வந்த யோசனை:

> ஓவர்ஸ்டேபிள் = மிகைநிலை, அண்டர்ஸ்டேபிள் = குறைநிலை. நேரடியானது, எளிது.

நேரடியானதுதான், அங்கேதான் வம்பும். பின்னிஷிலும் இப்படியேதான் ‘யுலிவகா’, ‘அலிவகா’ என்று பெயர்த்தார்கள்; மிகைநிலை, குறைநிலை என்றேதான் பொருள். ஆனால் ‘நிலையான வட்டு’ என்று சொன்னால் ஒருவர் மனதில் தோன்றுவது என்ன? ஆடாமல் அசையாமல் நேராகப் போகும் வட்டு. உண்மையில் ஓவர்ஸ்டேபிள் வட்டு நேராகப் போய் முடிவதே இல்லை.

போன ஆகஸ்டில் அக்கா மகன் இங்கே வந்திருந்தான். பதினான்கு வயது, கை வாகு உள்ள பையன். முதல் நாள் திடலுக்குக் கூட்டிப்போனேன். 40 மீட்டர் தூரத்தில் கூடை, நடுவில் இரண்டு ஸ்ப்ரூஸ் மரம், கூடைக்கு வலப்பக்கம் முழுக்க பில்பெரிப் புதர். கையில் ஒரு வட்டைக் கொடுத்து, “இது ரொம்ப நிலையான வட்டுடா, பயப்படாம அகங்கையில வீசு” என்றேன். அவன் கூடையை நேராகக் குறிபார்த்து வீசினான். அருமையான வீச்சு. முக்கால் தூரம் வரை நூல் பிடித்த மாதிரி போனது. அப்புறம் வலது விளிம்பு மெல்லத் தாழ்ந்தது, வட்டு அப்படியே வலப்பக்கம் வழுக்கிப் புதருக்குள் போய்விட்டது. பையன் திரும்பி, “நிலையானதுன்னு சொன்னீங்களே மாமா, இது கடைசியில சாயுதே?” என்றான்.

வீச்சில் எந்தத் தப்பும் இல்லை, நான் சொன்ன சொல்தான் அவனை ஏமாற்றியது. அவன் கேட்ட கேள்வியிலேயே சரியான சொல் இருந்ததை நான் கவனிக்க இரண்டு நாள் ஆனது.

அது ஏன் சாய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சுழலும் பம்பரத்தைப் பக்கவாட்டில் தட்டினால் தட்டிய பக்கம் விழாது, தலை ஒதுங்கி வேறு திசையில் சுற்றும். வட்டும் அப்படித்தான். வேகம் குறையக் குறையக் காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழல்கிற வட்டு முன்னால் எழும்பாமல் பக்கவாட்டில் சாயும். எந்தப் பக்கம் என்பது சுழற்சியைப் பொறுத்தது. வலக்கைக்காரர் அகங்கையில் வீசினால் வட்டு, மேலிருந்து பார்க்க, இடஞ்சுழியாகச் சுழலும். முடிவில் வலப்பக்கம் சாயும். அவரே புறங்கையில் வீசினால் எல்லாம் தலைகீழ். கையை விட்ட கையோடு, வேகம் மிகுந்திருக்கும்போது, சில வட்டுகளில் காற்று முன்விளிம்பைக் கீழே அழுத்தும். அப்போது முதலில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, பிறகு திரும்பும்.

ஆக நமக்கு வேண்டியது இரண்டு சாய்வுகளுக்கான பெயர். வட்டின் மேல் அச்சடிக்கும் நான்கு எண்களில் மூன்றாவதும் நான்காவதும் இவைதான். (முதலாவது வேகம், இரண்டாவது மிதப்பு. இவற்றில் சண்டை இல்லை.) மூன்றாவதை எதிர்ச்சாய்வு என்றும் நான்காவதைக் கடைச்சாய்வு என்றும் சொல்லலாம். ஓவர்ஸ்டேபிள், கடைச்சாய் வட்டு. அண்டர்ஸ்டேபிள், எதிர்ச்சாய் வட்டு. கடைமடை என்று நாம் சொல்வதில்லையா? தண்ணீர் ஓடி ஓடி வேகம் குறைந்து சேரும் இடம். வட்டுக்கும் அதே கடைதான்.

முதலில் நான் முன்வைத்தது ‘கடையிழுப்பு’. ‘வண்டி ஒரு பக்கமா இழுக்குது’ என்று பேச்சில் வருவதை வைத்து எழுதினேன். அதற்கு வந்த மறுப்பு:

> இழுவை என்பது இயற்பியலில் காற்றின் தடைக்கு ஆகிவந்த சொல். பறக்கும் பொருளைப் பற்றிப் பேசும்போது இழுப்பு, இழுவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மாணவர் குழம்புவார்.

இது முழுக்க நியாயம் அம்மா. மடலைப் படித்ததும் அந்தச் சொல்லைக் கைவிட்டேன். இன்னொன்றும் தோன்றியது. யாரும் வட்டை இழுப்பதில்லை. அது சாய்கிறது, சாய்வதால்தான் ஒதுங்குகிறது. ‘சாய்’ என்ற வேர் காரணத்தையே சொல்லிவிடுகிறது.

இந்தச் சொற்களை வைத்து, நான் எழுத நினைத்த குறிப்பை இங்கேயே எழுதிப் பார்க்கிறேன். ஓடுகிறதா என்று சொல்லுங்கள்.

குட்டையான அகங்கை வீச்சுக்குக் கடைச்சாய் வட்டு எடுங்கள். மணிக்கட்டைச் சொடுக்கும்போது வட்டு கையை விட்டு லேசான தள்ளாட்டத்தோடுதான் புறப்படும். எதிர்ச்சாய் வட்டாக இருந்தால் அந்தத் தள்ளாட்டத்திலேயே கவிழ்ந்துவிடும், கடைச்சாய் வட்டு அதைத் தாங்கும். வேகம் 3 முதல் 5 வரை, மிதப்பு 3 அல்லது குறைவு, எதிர்ச்சாய்வு 0, கடைச்சாய்வு 3. வெஸ்ட்சைட் ஹார்ப், டிஸ்க்ராஃப்ட் ஜோன் என்ற வட்டுகள் இரண்டுமே 4, 3, 0, 3. இன்னோவா பிக் 3, 1, 0, 3. மிதப்பு இல்லாததால் சட்டென்று இறங்கும். அதன் மேல்விளிம்பில் ஒரு வரம்பு ஓடும், கட்டைவிரல் அங்கே ஊன்றிக்கொள்ளும். இன்னோவா ஃபயர்பேர்டின் கடைச்சாய்வு 4 என்று பார்த்து ஆசைப்பட வேண்டாம், அதன் வேகம் 9. 40 மீட்டருக்கு அதை மெதுவாக வீசினால் பாதியிலேயே சாய்ந்துவிடும். ஓங்கி வீசினால் கூடையைத் தாண்டித் தரையில் சறுக்கிக்கொண்டே போகும்.

எண் பார்த்தால் மட்டும் போதாது, விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்விளிம்பில் சேர்ந்து படிய வேண்டும். ஆழமான விளிம்பு சின்னக் கைக்கு ஒத்துவராது. எடை 170 முதல் 175 கிராம். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதால் 21 செ.மீ. வட்டு ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கும். அப்புறம், மலிவான நெகிழியில் வாங்கினால் மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்து கடைச்சாய்வு குறைந்துகொண்டே வரும். என் பையில் மூன்று வருடம் அடிபட்ட ஒன்று இப்போது ஏறக்குறைய நேராகவே போகிறது. அதை எறியவில்லை, மரங்களுக்கு நடுவே நேர்ச்சந்து கிடைத்தால் அதைத்தான் எடுக்கிறேன்.

குறிபார்ப்பது கூடைக்கு இடப்பக்கம். 40 மீட்டருக்கு என் கைக்கு நான்கைந்து மீட்டர் தள்ளிப் பார்க்கிறேன், மீதியைக் கடைச்சாய்வு பார்த்துக்கொள்ளும். இடக்கைக்காரர் வலப்பக்கம் குறிபார்க்க வேண்டும்.

குறிப்பு முடிந்தது. இதே பத்திகளில் ‘மிகைநிலை’யைப் போட்டுப் படித்துப் பார்த்தேன். “மிகைநிலை வட்டு என்பதால் இடப்பக்கம் குறிபார்” என்றால், ‘என்பதால்’ எதற்கு என்றே தெரியவில்லை. “கடைச்சாய் வட்டு என்பதால் இடப்பக்கம் குறிபார்” என்றால் காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஹைசருக்கும் ஆன்ஹைசருக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். அவை வட்டு கையை விடும்போதே எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சொல்பவை, அங்கே ‘சாய்வு’ மறுபடி வந்தால் எல்லாம் கலந்துவிடும். ‘சரிவு’ என்ற வேரை அதற்கு ஒதுக்கி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தனி இழையாகத் தொடங்குங்கள்.

கடைசியாகப் புணர்ச்சி பற்றி. ‘கடைசாய்’ என்று ஒற்று இல்லாமல் எழுதலாமா என்று கேட்டவருக்கு: கடைக்கண், கடைக்கோடி என்று வல்லினம் மிகுவதுபோல இங்கும் மிகட்டும், எதிர்க்கட்சி போலவே எதிர்ச்சாய். சாய் வட்டு வினைத்தொகை, அங்கே எதுவும் மிகாது. விக்சனரியில் சேர்க்கும் நண்பர் இந்த எழுத்திலேயே சேர்த்தால் நல்லது.

அன்புடன்,
எஸ்போவிலிருந்து