வெள்ளம் புகும் வீடுகளைப் பலப்படுத்த உரிமையாளருக்கு அரசு மானியம் வேண்டுமா?

வேளச்சேரிவாசி:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் தந்தார்கள். சென்னையில் எங்கள் தெருவில் பலருக்கு அது நனைந்த மெத்தைக்கும் வாஷிங் மெஷின் பழுதுக்குமே போதவில்லை. வெள்ளம் வடிந்த பின் தரும் பணத்தில் ஒரு பங்கை, வெள்ளம் வருவதற்கு முன்பே வீட்டைக் காத்துக்கொள்ளத் தரலாகாதா? இங்கிலாந்தில் பெருவெள்ளங்களுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட வீட்டை அடுத்த முறை தாங்கும்படி மாற்றியமைக்க 5,000 பவுண்டு வரை மானியம் தந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மானியத் திட்டத்துக்குத் தேர்வாகும் வீட்டை உயர்த்தும் செலவில் பொதுவாக 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கிறது.

இங்கே தேவைப்படுபவை பெரும்பாலும் சிறு வேலைகள்தாம். மழைநீர் வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே, நிரம்பி வழியும் பாதாளச் சாக்கடை கழிப்பறைக் கோப்பை வழியாக வீட்டுக்குள் பொங்குவதைத் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் அறிவார்கள். கழிவுநீர் இணைப்பில், நீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தினால் அதைப் பெருமளவு தடுக்கலாம். சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் வாயை இரண்டடி உயர்த்தினால், அந்த உயரத்துக்குள் நிற்கும் வெள்ளத்தால் குடிநீர் கெடாது. மின் மீட்டரை மேலே ஏற்றினால் மின்சாரம் தாக்கும் ஆபத்து குறையும்.

கொளத்தூர் பொறியாளர்:
நண்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மானியத்தை ஏற்க மாட்டேன். மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். அடித்தளத்தைச் சுற்றித் தோண்டி, சுவர்களுக்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தி, ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்ப, வீடு விரல் விரலாக உயர்கிறது. பிறகு இடைவெளியைச் செங்கல் வைத்துக் கட்டி மூடுகிறார்கள். திறமையான வேலைதான். ஆனால் மனையையும் மண் கொட்டி மேடாக்கிவிட்டால், அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். கையில் காசு உள்ளவர் உயர, இல்லாதவர் மூழ்குவதற்குப் பொதுப்பணம் உதவலாமா?

வீடுகள் பள்ளமானதற்கு முதன்மையான காரணம், பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுக்கொண்டு வந்ததுதான். சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதை எல்லாத் தெருக்களிலும் தவறாமல் கடைப்பிடித்து, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்துவிட்டால், வீடு வீடாகப் பணம் கொடுக்க வேண்டிய தேவையே பெரிதும் குறையும்.

சீனிவாசபுரம் பெண்:
இருவரும் மழை வெள்ளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பட்டினப்பாக்கம் கடற்கரையில் எங்கள் வீடுகளை அரிப்பது கடல். நம் கரையோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததால் மெரினா அகன்றது, இராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. அங்கே கல் கொட்டியும், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டும்தான் கரையைக் காக்க முடிந்தது. தனி ஒரு குடும்பம் மானியம் வாங்கிக் கடலை எப்படித் தடுக்கும்? மேலும், பட்டா இல்லாதவரை எந்த அலுவலகம் உரிமையாளராக ஏற்கும்?

வேளச்சேரிவாசி:
கடல் அரிப்புக்குத் தனி வீட்டு மானியம் பயன்படாது என்பதை ஏற்கிறேன், அம்மா. அத்தகைய இடங்களில் அமெரிக்காவில் உரிமையாளர் விரும்பினால் வீட்டையே விலைக்கு வாங்கி, அந்த மனையில் மீண்டும் கட்டடம் எழாதபடி திறந்தவெளியாக வைத்துவிடுகிறார்கள். நம் 15-ஆவது நிதிக்குழுவும் அரிப்பால் இடம்பெயர்வோரின் மறுவாழ்வுக்கெனத் தனித் தொகையைப் பரிந்துரைத்தது.

பொறியாளர் ஐயாவுக்கு ஒன்று. மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காடு, பேரிடர் இழப்பை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கு என்று அதே குழுதான் ஒதுக்கியது. சென்னை வடிநிலத்துக்கு 561 கோடி ரூபாய் வெள்ளத் தணிப்புத் திட்டத்தையும் 2023-இல் மத்திய அரசு ஏற்றது. அந்தப் பணிகள் முடிந்து பலன் தரும்வரை தரைத்தளத்து முதியவர்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் கட்டிலின் மேல் கட்டிலை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? வீட்டைத் தூக்க மானியம் வேண்டாம். வால்வுக்கும் மீட்டருக்கும் சம்ப்புக்கும் மட்டும் கொடுக்கட்டும். அவற்றால் பக்கத்து வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் அதிகமாகாது.

கொளத்தூர் பொறியாளர்:
அந்த மூன்றுக்கு மட்டும் என்றால் என் எதிர்ப்பு தளர்கிறது. ஆனாலும் வால்வைப் பொருத்திவிட்டு விட்டுவிடக் கூடாது. குப்பை சிக்கினால் அது மூடாது, ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் திறந்து கழுவ வேண்டும். எனவே பணத்தை ஆளுக்கு ஆள் கொடுக்காமல், ஒரு தெருவுக்கு மொத்தமாக மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் சேர்ந்து செய்து, பராமரிப்பையும் ஏற்கட்டும். சாலையைச் சுரண்டாத தெருவில் இதைத் தொடங்கவே கூடாது.

சீனிவாசபுரம் பெண்:
தெருவுக்கு மொத்தமாக என்றால் வாடகைக்கு இருப்பவர் வீட்டிலும் வேலை நடக்கும். அது எனக்குச் சம்மதம். பட்டா கேட்கும் படிவத்தோடு வருமானால், வெள்ளத்தில் முதலில் நனைகிறவர்களை விட்டுவிட்டுப் போகும் அந்தத் திட்டத்தை நான் எதிர்ப்பேன்.