உதவி தேவை: ஆல்டோவில் பின்பக்க புஷ் மாற்றி எட்டு மாதத்திலேயே மீண்டும் ‘டொக்’ சத்தம்

முத்துநகரான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு ஆல்டோ கார். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது பின்பக்கத்தில் இடது சக்கரத்துக்கு அருகே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. இதே சத்தத்துக்காகத்தான் எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு பட்டறையில் டிரெயிலிங் ஆர்ம் (பின் ஆக்சிலை வண்டியின் உடலோடு இணைக்கும் தண்டு) புஷ்கள், அதாவது அதன் முனைகளில் இரு குழாய்களுக்கு நடுவே ரப்பர் வைத்த இணைப்புகள், நான்கையும் மாற்றினேன். அதன் பிறகு 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. டிக்கிப் பக்கத்தை அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி நின்றுவிடுகிறது. வீட்டில் சிமென்ட் தரையுள்ள கொட்டகையும், ஓரளவு கருவிகளும் இருக்கின்றன. இம்முறை நானே செய்து பார்க்க விரும்புகிறேன். புஷ்ஷே தரமற்றதா, அல்லது வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பட்டறைக்காரர்:

தம்பி, முப்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். புஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பட்டறையில் வண்டி லிஃப்ட்டில் நின்று, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதே போல்ட்டுகளை முழுமையாக முறுக்கிவிட்டார்களா?

இந்த வண்டியின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சில் (அச்சு). முன்னும் பின்னும் நகராமல் இரண்டு டிரெயிலிங் ஆர்ம்களும், பக்கவாட்டில் நகராமல் ஒரு லேட்டரல் ராடும் அதைப் பிடித்திருக்கின்றன. ஆர்மின் இரு முனைகளிலும் உள்ள புஷ்ஷில் ரப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை. உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருப்பதால் அது முறுக்கிக்கொண்டு மீள்கிறது. போல்ட்டை இறுக்கும் நொடியில் உள்குழாய் எந்தக் கோணத்தில் பிடிபடுகிறதோ, அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கேறி நின்றுவிடும். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும் இரவிலும் அது முறுக்கியே இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு வேகத்தடையும் மேலும் முறுக்கும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம்.

கோவை ஓட்டுநர்:

வேலையைத் தொடங்கும் முன் பாதுகாப்பைச் சொல்லிவிடுகிறேன். கைபிரேக் பின்சக்கரங்களில்தான் பிடிக்கிறது. ஆகவே பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. வண்டியை முதல் கியரில் போட்டு, இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எக்காரணம் கொண்டும் அடியில் படுக்காதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு வேண்டும். ஆக்சில் கீழே தொங்கும்போது பிரேக் ரப்பர் குழாய் இழுபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துநகரான்:

ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். வண்டி லிஃப்ட்டில் இருந்தபோதே முறுக்கி முடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது தவறு என்று அப்போது தெரியவில்லை. நேற்று கடப்பாரை முனையால் இடது ஆர்மின் முன்முனையை நெம்பிப் பார்த்தபோது ரப்பர் பிறை வடிவில் கிழிந்து வாய் திறந்தது. வலப்பக்கத்திலும் அதே திசையில் மெல்லிய கீறல் தொடங்கியிருக்கிறது. இப்போது சிக்கல் வேறு: இடது போல்ட் கழன்று வரவில்லை. நட்டு வந்துவிட்டது, ஆனால் போல்ட்டைத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து திரும்புகிறது.

பட்டறைக்காரர்:

கடலோரத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் போல்ட் உள்குழாயோடு துருவேறி ஒன்றாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை ஓரிரவு ஊறவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், புஷ்ஷுக்கும் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஹாக்சா பிளேடை விட்டு இரு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுவதே நல்லது. புதுப் போல்ட்டும் நட்டும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கேஸ் வெல்டிங் சூட்டை அங்கே கொண்டுபோக வேண்டாம். பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாய்களும் அருகில் இருக்கின்றன.

ஒரு நேரத்தில் ஒரு பக்க ஆர்மை மட்டும் கழற்றுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி தாங்கி நிற்கட்டும். அடுத்த பக்கத்து ஆர்ம் ஆக்சிலை அதன் இடத்திலேயே வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் உருண்டு, துளைகளை மீண்டும் நேர்செய்வதற்கே அரை நாள் ஆகும். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். ஆர்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் வைத்து, வெளிக்குழாயின் விளிம்பை மட்டும் அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். வழுக்கலுக்குச் சோப்பு நீர் போதும்; கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துவிடும்.

கோவை ஓட்டுநர்:

கடைசி முறுக்கை வீட்டில் எப்படிக் கொடுப்பது? வண்டியின் உடலை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆக்சிலை ஜாக்கியால் உயர்த்தி இறுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களே?

பட்டறைக்காரர்:

அதை நான் ஏற்கமாட்டேன். ஆக்சில் சரியான உயரத்துக்கு வரும் நேரத்தில் ஸ்பிரிங் வண்டியின் எடையை ஏற்றுக்கொண்டிருக்கும். உடல் ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்கும். அடியில் ஆள் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. தூக்கும் முன்பே, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலேயுள்ள மட்கார்டு வளைவு வரை அளந்து எழுதி வையுங்கள். போல்ட்டுகளைக் கையால் ஒட்டும் அளவுக்கு மட்டும் முறுக்கி, சக்கரங்களை மாட்டி, பின்சக்கரங்கள் இரண்டையும் அகலமான தடித்த பலகைகள்மேல் இறக்குங்கள். வண்டியை நாலைந்து முறை அழுத்திவிட்டு, பழைய அளவு வந்துவிட்டதா என்று பார்த்த பின், டார்க் ரெஞ்சால் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். லேட்டரல் ராடின் இரு போல்ட்டுகளையும் அதே நிலையில் தளர்த்தி மீண்டும் இறுக்கிவிடுங்கள். அவையும் அன்று தொங்கலில் முறுக்கப்பட்டிருந்தால் அடுத்து கிழியப்போவது அவைதான்.

முத்துநகரான்:

ஐயா, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. இடது போல்ட்டை அறுக்கத்தான் வேண்டியிருந்தது. மூன்று பிளேடுகள் போயின. பலகைமேல் இறக்கியபோது முதலில் அளவு 15 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. இரண்டடி முன்னே தள்ளி, பின்னே கொண்டுவந்து, மீண்டும் அழுத்திய பிறகுதான் பழைய அளவுக்கு இறங்கியது. அதன் பின்னரே இறுக்கி, ஒவ்வொரு நட்டிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். இன்று 600 கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு கோடுகளும் போட்ட இடத்திலேயே நேராக இருக்கின்றன. வேகத்தடையில் சத்தம் இல்லை.