‘காலநிலை அகதி’க்கு மாற்றாகக் குடிபெயர்வு, ஊர்ப்பெயர்வு

அன்புடையீர், வணக்கம்.

கடல்மட்ட உயர்வால் ஊரைவிட்டுச் செல்லும் பசிபிக் தீவு மக்களைக் ‘காலநிலை அகதி’ என்று வழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இனம், சமயம், அரசியல் கருத்து முதலியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரையே 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை அகதி என்கிறது. பசிபிக் தீவுநாடான கிரிபாட்டியைச் சேர்ந்த ஐயோவானே தெய்த்தியோட்டா தம்மை அகதியாக ஏற்கக் கோரியதை 2015இல் நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் இவ்வரையறையை ஒட்டியே. அதைவிட முக்கியமானது, கிரிபாட்டியின் முன்னாள் அதிபர் அனோட்டே டோங் ‘மாண்புடன் பெயர்தல்’ என்றே தொடர்ந்து பேசிவந்தார் என்பது. அவர்கள் விரும்பாத பெயரை நாம் சூட்டலாகாது. ‘புலம்பெயர்வு’ நல்ல சொல்தான். ஆயினும் ஈழத்தமிழரின் போர்க்கால வரலாறு அதில் ஆழப் பதிந்துவிட்டது.

எனவே ‘காலநிலைக் குடிபெயர்வு’ என்பதை முன்மொழிகிறேன். குடி என்பது வீட்டையும் வழிமரபையும் மக்களையும் ஒருங்கே சுட்டும். மற்றொரு பசிபிக் தீவுநாடான துவாலுவில் புலாக்கா எனப்படும் சதுப்புச் சேம்பை, பவழ மண்ணில் நன்னீர் தட்டும்வரை தோண்டி, இலைதழை இட்டு உரமேற்றிய குழிகளில் வளர்க்கிறார்கள். அக்குழிகள் குடும்பங்களுக்கு வழிவழியாக உரியவை. அடியில் உப்புநீர் ஊறிக் கிழங்கு அழுகும்போது, உணவோடு குடியின் உரிமைத் தொடர்ச்சியும் அறுபடுகிறது. துவாலு ஆஸ்திரேலியாவுடன் 2023இல் கையெழுத்திட்ட ஃபலேப்பிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர்வரை அங்குச் செல்லலாம். ஏறத்தாழ 11,000 பேரே வாழும் நாட்டுக்கு இது சிறிய எண்ணிக்கை அன்று. நிலப்பரப்பை இழந்தாலும் துவாலு என்றென்றும் நாடாகவே நீடிக்கும் என்று அதே ஆண்டு தம் அரசமைப்பில் எழுதிக்கொண்ட மக்களை, நாடற்றவர் என்ற தொனி படும் சொல்லால் குறிப்பது பெரும் அநீதி.

ஊரே ஒட்டுமொத்தமாகப் பெயர்வதற்குத் தனிச்சொல் தேவை. ஃபிஜியின் வுனிதொங்கொலோவா சிற்றூர், 2014இல் சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தம் குலத்துக்கே உரிய நிலத்தில் மீண்டும் எழுந்தது. இதற்கு ‘ஊர்ப்பெயர்வு’ பொருந்தும். பாப்புவா நியூ கினியின் கார்ட்டரெட் தீவுகளிலிருந்து அதே நாட்டின் பூகன்வில் தீவின் தின்புட்ஸ் பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபை அளித்த நிலத்துக்குச் சில குடும்பங்களே சென்றதால், அதைக் குடிபெயர்வு என்றே கொள்ளலாம்.

வினையாக வரும்போது ‘ஊர்பெயர்ந்தனர்’ என்று வலி மிகாமல் எழுதுவதே சரியென எண்ணுகிறேன். இலக்கணம் அறிந்தோர் கருத்துரைக்க வேண்டுகிறேன்.